பூட்டில் வேண்டாம் பரிசோதனை

ஜான் பிரௌனிங் வடிவமைத்து, 1911-இல் அமெரிக்க ராணுவம் ஏற்ற கைத்துப்பாக்கியை வீட்டுப் பட்டறையில் பிரித்துச் சீராக்குபவர்கள் அந்நாட்டில் ஏராளம். அந்த ஆர்வத்தை மதிக்கிறேன். ஆனால் அந்தத் துப்பாக்கியில் கட்டைவிரலால் இயக்கும் பாதுகாப்புப் பூட்டைப் பழகாத கை தொடக் கூடாது. புதுப் பூட்டுகள் பெரும்பாலும் சற்றுப் பருமனாகவே வரும். அந்தந்தத் துப்பாக்கிக்கேற்ப அரத்தால் ராவிப் பொருத்த வேண்டும். சுத்தியலைத் தாங்கி நிற்கும் சிறு கொக்கியை அசையவிடாமல் தடுப்பதுதான் பூட்டின் வேலை. மயிரிழை கூடுதலாக ராவினாலும் கொக்கி நகர இடம் கிடைத்துவிடும். வெளிப்பார்வைக்கு எல்லாம் சரியாகவே இருக்கும். பூட்டிய நிலையில் யாராவது விசையை இழுத்திருந்தால், பிறகு பூட்டைத் திறக்கும் நொடியில் சுத்தியல் விழுந்து குண்டு பாயலாம். ராவிய இரும்பைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது. கூலியை மிச்சம்பிடிக்க நினைப்பவர்கள் கைப்பிடிப் பலகைகளை மாற்றிப் பழகட்டும். இந்தப் பூட்டைத் தேர்ந்த துப்பாக்கிக் கம்மியரிடமே கொடுக்கட்டும்.