வேதத்தைத் தொட்டாலும் தீட்டு

தீட்டு என்ற சொல்லுக்கு எங்கட ஆக்களிடம் விளக்கம் சொல்லத் தேவையில்லை. யாரை உள்ளே விடக்கூடாது, எதைத் தொடக்கூடாது, எந்த நாளில் வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும் என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும். சமய நூலை எடுக்கமுதல் கையைக் கழுவு என்றுதான் அனேகமான வீடுகளில் சொல்லித் தருவார்கள். யூத மதத்தின் பழைய சட்டம் இதைத் தலைகீழாகச் சொல்லுது. அங்கே வேதச் சுருளைத் தொட்டால் கைக்குத் தீட்டு.

பகிடிக்குச் சொல்லவில்லை. கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற சட்டத் தொகுப்பில் 'கைகள்' என்ற பெயரிலேயே ஒரு பகுதி இருக்கு. எந்த நூல் கையைத் தீட்டாக்கும், எது ஆக்காது என்று ரபிமார் அதில் வாதாடுகிறார்கள். ஒரு நூல் கையைத் தீட்டாக்கினால் அது பரிசுத்த நூல். உன்னதப்பாட்டும் பிரசங்கியும் அந்த வரிசையில் சேருமா என்று பெரிய இழுபறியே நடக்குது. சதுசேயர் வந்து, எங்கட வேதம் கையைத் தீட்டாக்கும், ஹோமரின் புத்தகம் ஆக்காதோ, இதென்ன நியாயம் என்று கேட்கிறார்கள். அதற்கு ரபி யோகனான் பென் சக்காய் சொல்லும் பதிலின் சாரம் இதுதான்: ஒன்று எவ்வளவு அருமையோ, அவ்வளவுக்கு அதன் தீட்டும் கூட. கழுதையின் எலும்புக்குத் தீட்டில்லை, பிரதான குருவின் எலும்புக்குத் தீட்டு உண்டு. இல்லையென்றால் பெற்றோரின் எலும்பை எடுத்து யாரும் கரண்டி செய்துவிடுவார்கள்.

தல்மூத் இன்னொரு நடைமுறைக் காரணத்தையும் சொல்லுது. குருமாருக்கு ஒதுக்கிய தானியமும் பரிசுத்தம், வேதச் சுருளும் பரிசுத்தம் என்று சனம் இரண்டையும் ஒன்றாக வைத்ததாம். தானியத்துக்கு எலி வந்து சுருளையும் கடித்ததாம். அதைத் தடுக்கத்தான் இந்தத் தீட்டுச் சட்டம். எனக்கு இந்தக் காரணம் சரியான பிடிப்பு. புனிதத்தைப் பற்றிக் கதைக்கும்போது எலியையும் மறக்காத ஒரு மரபு இது.

அப்ப, தொட்டாலே தீட்டாகும் ஒரு நூலை வாசித்து மனிசர் எப்படிச் சுத்தமாவது?

இதற்கு எருசலேம் ஆலயத்தின் கதை தெரிய வேண்டும். ஆலயம் இருந்த காலத்தில் சுத்திகரிப்புக்குப் பலி இருந்தது, குருமார் இருந்தார்கள், சாம்பல் கலந்த நீர் தெளிக்கும் சடங்கு இருந்தது. கி.பி. 70 இல் உரோமர் ஆலயத்தை எரித்தார்கள். பலி நின்றுபோனது. பலியில்லாமல் பாவம் எப்படிப் போகும் என்ற கேள்வி ஒரு முழுச் சமூகத்தின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. யோகனான் பென் சக்காயும் அவருக்குப் பின்னால் வந்தவர்களும் யவ்னே என்ற ஊரில் ஒரு படிப்பு வட்டத்தை வளர்த்தார்கள். பலியின் சட்டத்தைக் கருத்தூன்றிப் படிப்பவர் அந்தப் பலியையே செலுத்தியவர் போலாவார் என்று பின்னர் தல்மூத் எழுதி வைத்தது. தோராவைத் தண்ணீருக்கு ஒப்பிடுவதும் இந்த மரபில் அடிக்கடி வரும். நீரில் முழுகும் சடங்கு இன்றைக்கும் தொடருது. அதைப் படிப்பு நீக்கவில்லை. ஆனால் உள்ளத்தைக் கழுவுகிற பெரிய வேலை படிப்பின் தலையில் விழுந்தது.

இந்தப் படிப்பு தனியே மூலையில் இருந்து மனப்பாடம் செய்வதில்லை என்பதுதான் முக்கியம். இரண்டு பேராக உட்கார்ந்து, ஒருவர் வாசிக்க, மற்றவர் மறித்துக் கேட்பார். இதற்கு ஹவ்ரூதா என்று பெயர். தோழமை என்ற சொல்லோடு உறவுள்ளது. எங்கட கம்பஸில் நடக்கும் குப்பியோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. குப்பியில் தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுப்பார், சோதினை முடிய எல்லாம் மறந்துபோகும். ஹவ்ரூதாவில் இரண்டு பேருமே விளங்காமல் முட்டுப்படுவார்கள். தல்மூத்தின் அச்சுப் பக்கமும் அப்படித்தான் இருக்கும். நடுவில் மூலம், ஒரு பக்கம் 11ஆம் நூற்றாண்டு ராஷியின் உரை, மறுபக்கம் அவருடைய பேரன்மாரும் வேறு பலரும் அவரோடு முரண்பட்டு எழுதிய குறிப்புகள். தாத்தாவை மறுக்கிற பேரனையும் அதே பக்கத்தில் அச்சடித்து விற்கிற ஒரு புனித நூல்!

ரபி யோகனான், ரேஷ் லாகிஷ் இருவரின் கதையைப் பாருங்கோ. ரேஷ் லாகிஷ் முதலில் கொள்ளைக்காரன். யோகனான் அவனைப் படிப்புக்கு இழுத்து, தன் தங்கையையும் கட்டிக்கொடுத்து, பெரிய அறிஞனாக்கினார். ஒரு நாள் வாதம் வந்தது. வாள், கத்தி, ஈட்டி போன்றவை செய்துமுடிந்த நேரத்திலிருந்துதான் தீட்டுப் பிடிக்கும். அந்த நேரம் எது? உலையில் காய்ச்சும்போது என்றார் யோகனான். நீரில் தோய்த்து எடுக்கும்போது என்றார் ரேஷ் லாகிஷ். கொள்ளைக்காரனுக்குத் தன் ஆயுதம் தெரியும்தானே என்று யோகனான் சொல்லிவிட்டார்.

அந்த ஒரு வசனத்தில் எல்லாம் முடிஞ்சுது. ரேஷ் லாகிஷ் மனமுடைந்து நோயில் விழுந்தார். தங்கை வந்து அழுது கேட்டும் யோகனான் இரங்கவில்லை. அவர் செத்துப்போனார். பிறகு யோகனானைத் தேற்ற இன்னொரு அறிஞரை அனுப்பினார்கள். அவர் யோகனான் சொன்ன ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் காட்டி ஆமோதித்தார். யோகனானுக்கு அது தாங்கவில்லை. ரேஷ் லாகிஷ் ஒவ்வொரு கருத்துக்கும் 24 ஆட்சேபம் வைப்பான், நான் 24 பதில் சொல்லுவேன், அப்படித்தான் விஷயம் விரிந்தது என்று புலம்பி, உடையைக் கிழித்து, புத்தி பேதலித்து இறந்துபோனார்.

இரண்டு பேரும் கதைத்துக்கொண்டிருந்தது சுத்தத்தையும் தீட்டையும் பற்றி. அதே வாயால் ஒரு மனிசனின் பழைய வாழ்க்கையைக் குத்திக்காட்டி அவனைக் கொன்றாயிற்று. தல்மூத் இதை மறைக்கவில்லை, தன் பெரிய ஆசிரியர் ஒருவரின் பெயரோடேயே எழுதி வைத்திருக்கு. படித்தால் மட்டும் சுத்தமாகிவிடலாம் என்பவர்களுக்கு இதைவிடப் பெரிய எச்சரிக்கை வேறு வேணுமோ?

அடுத்த கேள்வி, யார் படிக்கலாம்? தோராவின் சொற்களுக்குத் தீட்டுப் பிடிக்காது என்று தல்மூத்தில் ஒரு ரபி, தீட்டென்று தயங்கி நின்ற மாணவனிடம் சொல்கிறார். 12ஆம் நூற்றாண்டில் மைமோனிடீஸ் இதைச் சட்டமாகவே எழுதினார்: மாதவிடாயில் இருக்கும் பெண்ணும் தோராச் சுருளைப் பிடித்து வாசிக்கலாம், கையில் சேறும் அழுக்கும் இல்லாவிட்டால் சரி. இதை வாசிச்சு நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். எங்கட ஊர்களில் இன்னும் வாய் திறக்கப் பயப்படும் ஒரு விஷயம்.

ஆனால் கைதட்ட அவசரப்படக் கூடாது. சட்டம் திறந்த கதவை வழக்கம் சாத்தியது. மாதவிடாய் நாட்களில் தொழுகைக்கூடத்துக்குப் போகாமல் இருக்கும் வழக்கம் ஐரோப்பியச் சமூகங்கள் சிலவற்றில் வந்தது. மகளுக்குத் தோரா சொல்லிக்கொடுக்கத்தான் வேண்டும் என்றார் பென் அஸ்ஸாய். கூடாது என்றார் ரபி எலியேசர். நூற்றாண்டுக் கணக்காக வென்றது எலியேசரின் பக்கம். 1917 இல் போலந்தின் கிராக்கோவ் நகரில் சாரா ஷெனிரர் என்ற தையற்காரி பெண்பிள்ளைகளுக்குச் சமயப் பள்ளி தொடங்கினார். 1923 இல் ரபி மெயிர் ஷாபிரோ, ஒரு நாளைக்கு ஒரு தாளாக, ஏறத்தாழ ஏழரை வருடத்தில், தல்மூத்தை முடிக்கும் 'தாஃப் யோமி' முறையை முன்வைத்தார். அந்தச் சுற்று ஒன்று முடிந்த 2020 ஜனவரியில், எருசலேமில் ஆயிரக்கணக்கான பெண்கள் கூடித் தங்கள் படிப்பின் நிறைவைக் கொண்டாடினார்கள். தீட்டு அவர்களை மறித்ததில்லை. ஆண்கள்தான் மறித்தார்கள், தீட்டின் பெயரையும் துணைக்குக் கூப்பிட்டு.

யூதம் என்றால் இண்டைக்கு உங்களுக்கு முதலில் ஞாபகம் வருவது காஸாவாக இருக்கலாம். வரத்தான் வேணும். இவ்வளவு படிச்சும் என்ன சுத்தம் கண்டார்கள் என்று கேட்பதும் நியாயம். ஆனால் ஒரு மதத்தின் படிப்பு மரபும் ஒரு அரசின் குண்டும் ஒன்றல்ல. அதே நூல்களைக் காட்டி நிலத்தைப் பறிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அதே நூல்களைப் படித்துவிட்டு, பாலஸ்தீன விவசாயிகள் ஒலிவ் பறிக்கும்போது பக்கத்தில் போய் நிற்கிற ரபிமாரும் இருக்கிறார்கள். 1988 இல் தொடங்கிய 'மனித உரிமைகளுக்கான ரபிமார்' அமைப்பு அப்படிப்பட்டது. தகுதியோடு படித்தால் தோரா மருந்து, இல்லாவிட்டால் நஞ்சு என்று தல்மூத்தே எச்சரிக்குது. சட்டத்தில் ஒரு எழுத்தும் பிசகாமல் நடந்துகொண்டே ஒருவர் கயவராக இருக்கலாம் என்று 13ஆம் நூற்றாண்டில் நக்மானிதீஸ் எழுதினார்.

என்னுடைய கருத்து இதுதான். வாசிப்பு மனிசரைக் கழுவும் என்றால், கழுவுகிறது முன்னால் இருந்து மறித்துக் கேட்கிற ஆள். அந்த ஆளைக் கொன்றுவிட்டோ, அவமானப்படுத்தியோ, பெண் என்று வெளியே விட்டோ வாசிக்கும் எந்த வேதமும் வெறும் சத்தம். யூத மதத்துக்கு மட்டும் சொல்லவில்லை. உங்கட வீட்டுச் சமய நூல் எதுவோ, அதை அடுத்த முறை திறக்கும்போது, பக்கத்தில் 24 ஆட்சேபம் வைக்கக்கூடிய ஒருவரைக் கூப்பிட்டு இருத்துங்கோ. கையைப் பிறகு கழுவலாம்.