பூட்டு நல்லதுதான், சாவி யார் கையில்?

பணத்தைக் கொட்டி வீடு வாங்குகிறோம். பத்திரம் நம் பேரில். ஆனால், உள்ளே யாரை விடலாம் என்பதை விற்றவர்தான் தீர்மானிப்பார் என்றால் சம்மதிப்போமா? கம்ப்யூட்டர் வாங்கும்போது மட்டும் யாரும் இதைக் கேட்பதில்லை.

ஸ்விட்சைப் போட்டதும் முதலில் கண் விழிப்பது விண்டோஸ் அல்ல. யந்திரத்துக்குள்ளேயே பதித்திருக்கும் ‘ஃபர்ம்வேர்’ என்ற சிறு நிரல்தான். அதுதான் விண்டோஸையோ லினக்ஸையோ எழுப்பிவிடுகிறது. ‘செக்யூர் பூட்’ வந்த பிறகு, எழுப்புவதற்கு முன் கையொப்பம் பார்க்கிறது. அங்கீகாரமில்லாத நிரலுக்கு வாசலோடு சரி! (பெயரிலேயே ‘பூட்’, பூட்டாகவே அமைந்துவிட்டது.)

இந்தக் காவல் வீண் என்று நான் சொல்லவில்லை. விண்டோஸ் விழிக்குமுன்பே புகுந்து ஒளிந்துகொள்ளும் வைரஸ்கள் உண்டு. பூட்டு வேண்டியதுதான்.

2012-ல் விண்டோஸ் 8 வந்தபோது மைக்ரோசாப்ட் ஒரு விதி செய்தது. இன்டெல் வகைக் கம்ப்யூட்டர்களில் பூட்டு போட்டே விற்க வேண்டும். ஆனால், அதை நீக்கவும் சொந்தச் சாவியைப் பதிக்கவும் உரிமையாளருக்கு வழி இருக்க வேண்டும். நியாயமான விதி. ஏ.ஆர்.எம். சில்லு கொண்டவற்றுக்கோ நேர்மாறு: நீக்க வழி இருக்கவே கூடாது! அவ்வாண்டே வந்த ‘சர்ஃபேஸ் ஆர்.டி.’ அந்த வகை. அதன் விண்டோஸுக்கு 2023 ஜனவரியோடு ஆதரவு நின்றது. திரையும் பாட்டரியும் நல்ல நிலையில் இருந்தாலும், வேறு இயங்குதளம் போட உரிமையாளருக்கு நேர்வழி கிடையாது. காசு கொடுத்தவருக்கு இது அநியாயம் அல்லவா?

இன்டெல் வகைக்கு இருந்த பாதுகாப்பும் 2015-ல் தளர்ந்தது. விண்டோஸ் 10 வந்தபோது, பூட்டை நீக்கும் வசதி தருவதும் தராததும் தயாரிப்பாளர் இஷ்டம் என்றாகிவிட்டது. பெரும்பாலோர் இன்னும் தருகிறார்கள். ஆனால், அது அவர்கள் தயவு. நம் உரிமை அல்ல. உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் வகைகள் பூட்டோடே எழுவது எப்படி என்கிறீர்களா? மைக்ரோசாப்டின் கையொப்பம் பெற்ற ‘ஷிம்’ என்ற நிரலைக் கொண்டுதான். போட்டிக்காரரிடம் அனுமதிச் சீட்டு வாங்கிக் கடை திறப்பதைப் போல!

விண்டோஸ் 10-இன் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய யந்திரங்களுக்கு லினக்ஸ் மறுவாழ்வு தரும். ஆகவே, பூட்டை நீக்கும் வசதியைச் சட்டமே கட்டாயமாக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். அதுவரை கடைக்காரரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். பூட்டில் கை வைக்குமுன் ‘பிட்லாக்கர்’ மீட்பு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 48 இலக்கத்தையும் கேட்டு யந்திரம் அடம் பிடிக்கலாம்.