கைப்பிடிச்சுவரும் கார் காப்பீடும்

தியானத்திற்கு: உபாகமம் 22:8, நீதிமொழிகள் 11:1



பிழைப்பிற்காகச் சொந்த ஊரை விட்டு மும்பை, புனே, பெங்களூரு, டெல்லி போன்ற பெருநகரங்களில் குடியேறிய நம் குடும்பங்களில் இன்று அடுத்த தலைமுறை வாலிபப் பருவத்தை எட்டியுள்ளது. மகனோ மகளோ ஓட்டுநர் உரிமம் பெற்றவுடன், ஆராதனைக்கும் வேலைக்கும் சென்றுவர ஒரு சிறிய கார் வாங்கலாமே என்ற எண்ணம் வீட்டில் எழுகிறது. பல வேளைகளில் அது பழைய காராகவே இருக்கும். போதகரை அழைத்து ஜெபித்து, வாகனத்தைக் கர்த்தருக்கு ஒப்புக்கொடுக்கிறோம். அதன்பின் இரண்டு கேள்விகள் வருகின்றன. "கர்த்தர் காக்கிறவராயிருக்க, காப்பீடு எதற்கு?" என்பது ஒன்று. "புதிதாக ஓட்டும் பிள்ளைக்குக் குறைந்த செலவில் காப்பீடு எடுப்பது எப்படி?" என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் இம்மாதம் சிந்திப்போம்.

காப்பீடு அவிசுவாசமா?

புது வீடு கட்டுகிறவன் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டவேண்டும் என்று தேவன் மோசேயின் மூலம் கட்டளையிட்டார். யாராவது அங்கிருந்து விழுந்தால் அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வராதிருக்கவே அந்தக் கட்டளை. கவனியுங்கள்: அந்தச் சுவர் வீட்டுக்காரனுக்காக மட்டுமல்ல, அவன் வீட்டுக்கு வருகிற அயலானுக்காகவும் கட்டப்படுகிறது. வீட்டுக்காரனுக்கு எவ்வளவு விசுவாசம் இருந்தாலும், அவன் அதைக் கட்டாமல் விடலாகாது.

மூன்றாம் நபர் காப்பீடும் இத்தகையதே. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆம் பிரிவு இதைக் கட்டாயமாக்குகிறது. நம் வாகனம் மோதி ஒரு தள்ளுவண்டி வியாபாரி கால் இழந்தால், அவருடைய குடும்பம் பட்டினி கிடக்கக்கூடாது என்பதே இதன் நோக்கம். மரணத்திற்கும் காயத்திற்கும் நீதிமன்றம் விதிக்கும் இழப்பீட்டை நிறுவனம் வரம்பின்றி ஏற்கிறது. பிறர் பொருட்சேதத்திற்கு ரூ.7.5 லட்சம் வரை ஏற்கிறது. காப்பீடு இல்லாமல் ஓட்டினால், 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி முதல் முறை ரூ.2,000, மறுமுறை ரூ.4,000 அபராதம், மூன்று மாதம் வரை சிறைத்தண்டனையும் உண்டு. ஆகவே, நமக்காகக் கர்த்தரை நம்புவோம்; பிறனுக்காகக் கைப்பிடிச்சுவரைக் கட்டுவோம்.

விலை எதைப் பொறுத்தது?

இங்கிலாந்து போன்ற நாடுகளில் ஓட்டுநரின் வயது குறைந்தால் பிரீமியம் பன்மடங்கு உயரும். அங்குள்ள உறவினர் சொல்வதைக் கேட்டு நம் பெற்றோரும் கலங்குகின்றனர். நம் நாட்டின் முறை வேறு. இங்கே பிரீமியம் பெரும்பாலும் வாகனத்தைப் பொறுத்தே கணக்கிடப்படுகிறது. உரிமையாளரின் அனுமதியோடும் செல்லத்தக்க உரிமத்தோடும் ஓட்டுகிற எவருக்கும் அந்தப் பாலிசி பொருந்தும்.

மூன்றாம் நபர் பிரீமியத்தை அரசே நிர்ணயிக்கிறது. எல்லா நிறுவனங்களிலும் அது ஒன்றே. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த அறிவிப்பின்படி, 1,000 சிசி வரையுள்ள தனியார் காருக்கு ஆண்டுக்கு ரூ.2,094, 1,000 முதல் 1,500 சிசி வரை ரூ.3,416, அதற்கு மேல் ரூ.7,897. வரி தனி. அரசு இதைத் திருத்தக்கூடுமாதலால், புதுப்பிக்கும்போது அப்போதைய அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள். வாலிபனின் முதல் கார் சிறிய எஞ்சினுள்ளதாய் இருப்பதே முதல் சிக்கனம் என்பது இதிலிருந்து விளங்கும். சொந்தச் சேதத்திற்கான பிரீமியமோ நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். எனவே மூன்று நிறுவனங்களிலாவது விசாரித்து ஒப்பிடுவது அவசியம்.

நேர்மையான சிக்கனங்கள்

முதலாவது, நோ கிளெய்ம் போனஸ். இழப்பீடு கோராத ஒவ்வோர் ஆண்டுக்கும் சொந்தச் சேத பிரீமியத்தில் 20, 25, 35, 45, 50 சதவீதம் எனத் தள்ளுபடி ஏறுகிறது. இது காருக்கல்ல, உரிமையாளருக்கு உரியது. தகப்பன் தன் பழைய காரை விற்றுத் தன் பெயரிலேயே வேறு கார் வாங்கினால், சேர்த்த போனஸை அதற்கு மாற்றிக்கொள்ளலாம். மகன் பெயரில் வாங்கினால் அந்தப் போனஸ் மகனுக்குக் கிடைக்காது. எனவே போனஸ் உள்ள பெற்றோர், முதல் சில ஆண்டுகளுக்குக் காரைத் தங்கள் பெயரில் வைத்திருப்பது சட்டப்படியான சிக்கனமே. பாலிசி காலாவதியாகி 90 நாட்கள் கடந்தால் போனஸ் முழுவதும் போய்விடும். தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

இரண்டாவது, சிறு கீறலுக்கெல்லாம் இழப்பீடு கோராதிருங்கள். சொந்தச் சேத பிரீமியம் ரூ.8,000 என்றும், உங்கள் போனஸ் 50 சதவீதம் என்றும் வைத்துக்கொள்வோம். பம்பர் பழுதுக்கு ரூ.3,000 செலவாகிறது. 1,500 சிசி வரையுள்ள காரில் கட்டாயக் கழிவான ரூ.1,000 போக, கிடைப்பது அதிகபட்சம் ரூ.2,000. போனஸை இழப்பதால் மறு ஆண்டு கூடுதலாகக் கட்டவேண்டியதோ ரூ.4,000. புதிதாக ஓட்டுகிற பிள்ளையின் கையில் இத்தகைய கீறல்கள் வரவே செய்யும். அதற்கென மாதந்தோறும் சிறு தொகையைத் தனியே சேர்ப்பது ஞானம்.

மூன்றாவது, ஞாயிறு ஆராதனைக்கும் அவசரத்திற்கும் மட்டுமே வண்டியை எடுக்கும் குடும்பங்கள், ஓடும் தூரத்திற்கேற்பச் சொந்தச் சேத பிரீமியத்தைக் குறைக்கும் திட்டங்களை விசாரிக்கலாம். இவற்றைக் கூடுதல் வசதியாக வழங்க 2022 ஜூலையில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அனுமதி அளித்தது.

நான்காவது, பழைய கார் வாங்கினால் பதிவுச் சான்றிதழோடு பாலிசியையும் 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். விற்றவரின் போனஸ் உங்களுக்கு வராது. பெயர் மாற்றாமல் விட்டால், வண்டி சேதமடையும்போது நிறுவனம் உங்கள் கோரிக்கையை மறுக்கக்கூடும்.

எதில் சிக்கனம் கூடாது?

"போன வருடம் கிளெய்ம் எதுவும் இல்லை என்று எழுதிவிடுங்கள், தள்ளுபடி கிடைக்கும்" என்று ஏஜென்ட் சொல்லக்கூடும். புதிய நிறுவனம் பழைய நிறுவனத்தை விசாரித்து உண்மையை அறியும். அப்போது சொந்தச் சேத இழப்பீடு மறுக்கப்படலாம். கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது என்று நாம் அறிவோம். காப்பீட்டு விண்ணப்பமும் ஒரு தராசே.

மாநகரங்களில் சொந்தச் சேத பிரீமியம் சற்றே அதிகம் என்பதால், காரை ஊர் முகவரியில் பதிந்து இங்கே ஓட்டுவோரும் உண்டு. வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வாகனத்தை வைத்திருந்தால், அங்கே மறுபதிவு செய்வது சட்டம். சிறு மிச்சத்திற்காகப் பிள்ளைக்குப் பொய்யைப் பழக்க வேண்டாம்.

உரிமம் பெறுமுன் பிள்ளையைத் தனியே ஓட்ட விடவே வேண்டாம். எல்.எல்.ஆர். வைத்திருப்பவர் "எல்" பலகை மாட்டி, உரிமமுள்ள ஒருவரை அருகில் அமர்த்தியே ஓட்டவேண்டும். உரிமமின்றி விபத்து நேர்ந்தால், நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்த இழப்பீட்டை உரிமையாளரிடமே திரும்ப வசூலிக்க நீதிமன்றம் அனுமதிக்கலாம். பதினெட்டு வயது நிறையாதவர் ஓட்டிக் குற்றம் இழைத்தால், பெற்றோருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் ரூ.25,000 அபராதமும் விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது.

சபையாரை ஏற்றிச் செல்வோர் கவனிக்க

இதுவே முக்கியமானது. நம் வாலிபர் ஞாயிறுதோறும் வயதான தாய்மாரையும் பிள்ளைகளையும் காரில் ஏற்றிவருவது மிக நல்ல ஊழியம். ஆனால் செலவைக் குறைக்க மூன்றாம் நபர் பாலிசி மட்டும் எடுத்திருந்தால், காருக்குள் இலவசமாகப் பயணம் செய்வோருக்கு அது பொதுவாகப் பொருந்தாது. சாலையில் நடப்பவர் பாதுகாக்கப்படுவார். பின் இருக்கையிலிருக்கும் சபைத் தாயாருக்குப் பாதுகாப்பு இராது. முழுமையான பாலிசி பயணிகளையும் தழுவும் என்ற இவ்வேறுபாட்டை உச்ச நீதிமன்றம் 2012-இல் தெளிவாக்கியது. பிறரை ஏற்றிச் செல்லும் காருக்கு முழுமையான பாலிசியே தகும். கட்டணம் வாங்கி ஆட்களை ஏற்றுவதோ தனியார் கார் பாலிசிக்கு முரணானது.

தகப்பன் பெயரிலுள்ள காரை மகன் ஓட்டும்போது, உரிமையாளர்-ஓட்டுநருக்கான ரூ.15 லட்சம் விபத்துக் காப்பு மகனுக்குக் கிடைக்காது. எனவே அவனுக்கெனத் தனி விபத்துக் காப்பு எடுங்கள். மிக எளிய தொடக்கமாக, வங்கிக் கணக்குள்ள 18 முதல் 70 வயதுள்ளோர் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் ஆண்டுக்கு ரூ.20 செலுத்தி ரூ.2 லட்சம் வரை பாதுகாப்புப் பெறலாம்.

போலிப் பாலிசிகளும் நடமாடுகின்றன. பணத்தைத் தனிநபர் கணக்கில் செலுத்தாமல் நிறுவனத்திற்கே செலுத்துங்கள். சில நாட்களில் எம்-பரிவாஹன் செயலியில் உங்கள் வண்டி எண்ணைப் போட்டு, காப்பீடு பதிவாகியுள்ளதா என்று பாருங்கள்.

பிரியமானவர்களே, பிள்ளையின் கையில் சாவியைக் கொடுக்கும் நாளில் பாலிசித் தாளையும் கொடுங்கள். இருவரும் அமர்ந்து அதை ஒருமுறை வாசியுங்கள். யாருக்கெல்லாம் அது பாதுகாப்பு, யாருக்கு இல்லை என்று விளக்குங்கள். பின்பு தலையில் கைவைத்து ஜெபியுங்கள். நம் போக்கையும் வரத்தையும் காக்கிற கர்த்தர், நம்மால் பிறருக்குத் தீங்கு நேராதபடியும் காத்துக்கொள்வாராக. ஆமென்.