காற்று நின்றால் புயல் போய்விட்டதா?

"சைக்ளோன் வருகிறது" என்று வானொலி சொல்கிறது. பலத்த காற்று அடிக்கப் போகிறது என்று மக்கள் புரிந்து கொள்கிறார்கள். அது பாதி அர்த்தம்தான். மீதிப் பாதி தெரியாவிட்டால் உயிருக்கே ஆபத்து!

பாம்புச் சுருள்

இந்த ஆங்கிலச் சொல் பிறந்தது இங்கிலாந்தில் அல்ல, கல்கத்தாவில்!

ஹென்றி பிடிங்டன் என்ற ஆங்கிலேயர் அங்கு வாழ்ந்தார். முன்பு கப்பலில் வேலை பார்த்தவர். வங்கக் கடல் புயல்களை அவர் ஆராய்ந்தார். மாலுமிகளுக்காக 1848-ம் ஆண்டு ஒரு புத்தகம் எழுதினார். அதில் புயலுக்கு "சைக்ளோன்" என்று பெயர் வைத்தார். வட்டத்தையும், பாம்பின் சுருளையும் குறிக்கும் கிரேக்கச் சொல்லில் இருந்து அதை உண்டாக்கினார்.

பொருத்தமான பெயர்தான். புயல் காற்று ஒரே நேராக ஓடுவது இல்லை. பாம்பு சுருண்டு கிடப்பது போல வட்டமாகச் சுழல்கிறது. மணிக்கு 62 கிலோ மீட்டர் வேகத்தை எட்டினால்தான் இந்திய வானிலைத் துறை அதைப் புயல் என்று அறிவிக்கும்.

ஏமாற்றும் கண்

வலுத்த புயலின் நடுவே "கண்" உண்டு. அங்கே காற்று அடங்கி இருக்கும். கண் ஓர் ஊரைக் கடக்கும்போது திடீர் என்று அமைதி உண்டாகும். அது முடிவு அல்ல, பாதி வழி! சுருளின் மறுபாதி வந்ததும், எதிர்த் திசையில் இருந்து காற்று சீறும்.

2016-ம் ஆண்டு டிசம்பர் 12-ந் தேதி "வார்தா" புயல் சென்னை அருகே கரையைக் கடந்தது. அன்றும் நடுவில் காற்று ஓய்ந்தது. பிறகு மறுபடியும் அடித்தது. ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன.

தண்டலத்துக்கு என்ன?

கரையைக் கடந்த வார்தா மேற்கே நகர்ந்தது. கடலை விட்டுத் தள்ளி இருக்கிறோம் என்று ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து தண்டலம் சும்மா இருக்க முடியாது. அந்த வட்டாரம் முழுவதும் தொழிற்சாலைகள்; தகரக் கூரைகள்; ஷிப்டு முடிந்து சாலைக்கு வரும் தொழிலாளர்கள்.

காற்று நின்றதும், "கிளம்புங்கள்" என்று அவர்களை அனுப்பினால் என்ன ஆகும்? பாதி வழியில் மறுபாதிப் புயல் பிடித்துக் கொள்ளும்.

ஆகவே, "புயல் வருகிறது" என்ற அறிவிப்பு மட்டும் போதாது. "காற்று நின்றாலும் வெளியே வராதீர்கள், புயல் கடந்துவிட்டது என்ற அறிவிப்பு வரட்டும்" என்று தொழிற்சாலைகளிலும், பள்ளிக்கூடங்களிலும் எழுதி வைக்க வேண்டும். வட மாநிலங்களில் இருந்து வந்து உழைப்பவர்களுக்கு அவர்கள் மொழியிலேயே சொல்ல வேண்டும்.

அந்த ஒரு சொல்லின் அர்த்தம் தெரிந்தவன், அமைதியைக் கண்டு கதவைத் திறக்க மாட்டான்.