மார்பு எக்ஸ்ரேயும் உண்ணிக் காய்ச்சலும்

ஐப்பசி மழை ஓய்ந்து பனி இறங்கும் பருவத்தில், கிருஷ்ணகிரி ஜில்லாவின் அஞ்செட்டி மலைக்கிராமங்களிலிருந்து ஐந்தாறு நாள் காய்ச்சலோடும் வறட்டு இருமலோடும் வரும் ஆடு மேய்ப்பவரையோ, விறகுக்குக் காட்டோரம் போய்வந்த பெண்ணையோ பரிசோதிக்கிற மருத்துவர், ரத்தப் பரிசோதனையோடு மார்பு எக்ஸ்ரேயும் எடுத்துவரச் சொல்வது சர்வசாதாரணமாகிவிட்டது. அந்த வழக்கத்தில் குற்றமில்லை. ஆனால் அப்படத்திடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கலாகாது என்ற விவேகம் இல்லாவிட்டால் படமே நோயாளிக்குச் சத்துருவாகிவிடக்கூடும் என்பது நமது அபிப்பிராயம்.

ஜனங்கள் உண்ணிக் காய்ச்சல் என்று பொதுவாகச் சொல்வதில், புதர்களில் வாழும் மைட் பூச்சியின் இளம்புழு கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸும், நாய் உண்ணியால் பரவும் புள்ளிக் காய்ச்சலும் சேர்ந்தே அடங்கும். கிருமிகள் வெவ்வேறானாலும், ரத்த நுண்குழாய்களின் உட்படலத்தில் குடியேறி அவற்றைக் கசியச் செய்வது இரண்டுக்கும் பொதுவான அனர்த்தம். அக்கசிவு நுரையீரலில் நிகழும்போது, இருபுறமும், பெரும்பாலும் கீழ்ப்பகுதிகளில், வலைப்பின்னலான மெல்லிய நிழல்களும், சிலரிடம் பிளூராவில் சிறிது நீரும் தோன்றுகின்றன. நோய் முற்றினால் படத்தில் இரு நுரையீரலும் வெளுத்து, ஏஆர்டிஎஸ் என்னும் கடும் மூச்சுத்திணறல் நிலை நேர்கிறது. இவற்றுள் ஒன்றேனும் இந்நோய்க்கே உரிய விசேஷ லட்சணமன்று. முதல் சில நாட்களில் படம் முற்றிலும் சுத்தமாக இருப்பதும் உண்டு. அதைக் கண்டு நோய் இல்லையென்று தீர்மானிப்பது பெரும் பிழை.

நமது ஜில்லாவில் இச்சங்கடம் இன்னும் அதிகம். கிருஷ்ணகிரியின் கிரானைட் குவாரிகளில் ஆண்டுக்கணக்காகக் கல்தூசு சுவாசித்தவர்களின் நுரையீரலில் சிலிகோசிஸின் சிறு முடிச்சுகள் நிரந்தரமாகத் தங்கியிருக்கலாம். காசநோயின் மிலியரி வகையும் ஏறக்குறைய அதே சாயலைக் காட்டும். ஓசூர் ஆலையில் வேலை பார்த்து, விடுமுறையில் காட்டோரச் சொந்த ஊருக்குப் போய்த் திரும்பிய இளைஞனின் படத்தில் காணும் நிழல் இம்மூன்றில் எதனுடையது என்பதைப் படம் தானாகச் சொல்லாது. பழைய படம் கிடைக்குமானால் அதை அருகில் வைத்துப் பார்ப்பதே உத்தமம். நிழல் இந்த வாரத்தில் தோன்றியதா என்பதுதான் முதல் கேள்வி.

மெய்யான ஆபத்து, நிழலைக் கண்டவுடன் நிமோனியா என்று எழுதி செஃப்ட்ரியாக்சோனை ஏற்றத் தொடங்குவதில்தான் இருக்கிறது. உயிரணுவுக்குள் ஒளிந்து வாழும் இக்கிருமிகளை அவ்வகை மருந்து தீண்டுவதில்லை. காய்ச்சல் இறங்காமலே நாட்கள் கழிகின்றன. டாக்சிசைக்ளினோ, காலை மாலை 100 மில்லிகிராம் வீதம் கொடுத்தால், பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் காய்ச்சலைத் தணிக்கிறது. கடுமையான ஸ்க்ரப் டைபஸில் டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து நரம்பு வழியே கொடுப்பது, தனித்தனியே கொடுப்பதைவிடப் பலன் மிக்கது என்பதை, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி தலைமையில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வு நிரூபித்தது. கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசினே உகந்தது.

ஆகவே, படத்தைப் பார்க்குமுன் சருமத்தைப் பார்க்க வேண்டும். அக்குள், அரை, தொடையிடுக்கு, மார்பின் அடிமடிப்பு ஆகிய மறைவிடங்களில், வலியோ அரிப்போ இல்லாத கரிய பொருக்கு ஒன்று இருந்தால் ஸ்க்ரப் டைபஸுக்கு அதைவிடச் சிறந்த சான்று வேண்டாம். நோயாளி தாமாக அதைச் சொல்லமாட்டார். பலருக்கு அது இருப்பதே தெரியாது. கரிய சருமத்தில் எளிதில் புலப்படாத தடிப்பை உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தேடினால் புள்ளிக் காய்ச்சல் அகப்படும். எல்லைக்கப்பால் கர்நாடகத்தில், 1957-ல் சிவமொக்கா ஜில்லாவில் கண்டறியப்பட்ட குரங்குக் காய்ச்சலும் உண்ணியால் பரவுவதே. அது வைரஸாதலால் டாக்சிசைக்ளினுக்குக் கட்டுப்படாது. அந்தக் காடுகளுக்குப் போய்வந்தவரிடம், குரங்குகள் செத்துக் கிடந்தனவா என்று விசாரிக்கத் தவறலாகாது.

இவ்வளவுக்குப் பின்னும் எக்ஸ்ரேக்கு ஓர் உயர்ந்த பிரயோஜனம் உண்டு: அது நோயின் பெயரைச் சொல்லாவிடினும் அதன் தீவிரத்தைச் சொல்கிறது. பொருக்கு கண்ட நோயாளிக்கு இருபுற நிழலும், மூச்சுத் திணறலும், குறைந்த ஆக்சிஜன் அளவும் சேர்ந்திருக்குமாயின், முதல் வேளை மருந்தை அங்கேயே கொடுத்துவிட்டு, தாமதமின்றிக் கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பிவைக்க வேண்டும். எக்ஸ்ரே கோரும் சீட்டில் 'காய்ச்சல்' என்று மட்டும் எழுதாமல், எத்தனையாவது நாள், எந்த ஊர், என்ன தொழில், பொருக்கு உண்டா இல்லையா என்ற நான்கையும் எழுதுமாறு அன்பர்களை வேண்டிக்கொள்கிறோம்.