உங்க கேஸ் ஷீட்ல போலீஸ் பாஷை

உங்க கேஸ் ஷீட்டை என்னைக்காவது வாசிச்சுப் பார்த்திருக்கீங்களா? "குடிப்பழக்கத்தை மறுக்கிறார்"னு இங்கிலீஷ்ல எழுதியிருப்போம். நீங்க சொன்னது "குடிக்க மாட்டேன் டாக்டர்", அவ்வளவுதான். எங்க பேனாவுக்கு வந்ததும் அது வாக்குமூலம் ஆயிடுது.

(இழை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.)

காசநோய்ல இன்னும் மோசம். சளி டெஸ்ட் முடிவு வர்ற வரைக்கும் நீங்க "டிபி சஸ்பெக்ட்", அதாவது சந்தேக நபர். மாத்திரையை நடுவுல விட்டா "டிஃபால்டர்". லோன் கட்டாதவங்களுக்கு பேங்க்ல வைக்கிற அதே பேர்.

ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் பக்கம் அந்த "டிஃபால்டர்" யாரு? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. படகு நின்னாலும் வீட்டுல உலை வைக்கணுமே, ஆள் கேரளாவுக்கு வேலைக்குப் போயிடுவார். காசநோய்க்கோ குறைஞ்சது 6 மாசம் மாத்திரை. அது பாதியில நின்னுடும். நாங்க ஃபைல்ல ஒரே வார்த்தை எழுதி மூடிடுவோம்.

நானும் எழுதியிருக்கேன். அவர் திரும்பி வந்தப்போ "ஏன் நின்னுச்சு?"ன்னு கேட்கலை, "பொறுப்பே இல்லையா?"ன்னுதான் கேட்டேன். அப்படிக் கேட்க வெச்சது ஃபைல்ல இருந்த என் கையெழுத்துதான்.

2013-ல உலக சுகாதார நிறுவனம் இந்த ரெண்டு வார்த்தையையும் தூக்கிடுச்சு. "டிஃபால்ட்"டுக்குப் பதிலா "தொடர்பு விட்டுப்போனவர்". கணக்கு மாறலை. தொடர்ந்து 2 மாசம் சிகிச்சை நிக்கணும், முன்னாடியும் அதான், பின்னாடியும் அதான். பழி யார் மேலங்கிறதுதான் மாறிச்சு.

"வார்த்தையை மாத்தினா நோய் குணமாயிடுமா?"ன்னு சில சீனியர்கள் சிரிப்பாங்க. 2018-ல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் வெளியிட்டதைப் பாருங்க. ஒரே நோயாளி, ஒரே வலி, ஆனா குறிப்பு ரெண்டு விதம். மருத்துவ மாணவர்களுக்கும் பயிற்சி டாக்டர்களுக்கும் கொடுத்தாங்க. மட்டம் தட்டி எழுதினதைப் படிச்சவங்க வலிக்கு மருந்தையும் குறைச்சாங்க.

இப்பவும் வார்டுல "டிஃபால்டர்" காதுல விழுது. அதுக்குப் பதிலா இப்படி எழுதுங்களேன்: "மாத்திரை நின்றுள்ளது. தடைக்காலம், கொச்சியில் வேலை. ஜூன் நடுவில் திரும்புவார். நிக்ஷய்ல அந்த ஊருக்கு மாற்றிவிடவும்." ஒரு நிமிஷம் ஆகுமா? இதைப் படிக்கிற அடுத்த டாக்டருக்குச் செய்ய ஒரு வேலை இருக்கு. "டிஃபால்டர்"னு படிச்சா, திட்டறதைத் தவிர வேற என்ன இருக்கு?