எண்ணப்படாத நேயர்கள்: பேர்லின் வானொலி ஒன்றின் கதை

பேர்லின் நகரின் பொது ஒலிபரப்பு நிறுவனம் 1994 செப்டெம்பர் 18ஆம் திகதி தனது நான்காவது சேவையாக ‘ரேடியோ முல்ரிகுல்ரி’ என்னும் பல்கலாசார வானொலியை ஆரம்பித்தது. 2008 டிசெம்பர் 31ஆம் திகதி அது மூடப்பட்டது. பதினான்கு ஆண்டுகளே வாழ்ந்த ஒரு நகர வானொலியை இன்று நினைவுகூர வேண்டிய அவசியம் என்ன என வாசகர்கள் வினவக்கூடும். பொது ஒலிபரப்பின் செலவைக் குறைக்க வேண்டும் என்ற குரல் ஐரோப்பாவில் வலுத்துவருகின்றது. அப்படிக் குறைக்கும்போது எவருடைய இசை முதலில் வெட்டப்படுகின்றது, எந்தக் கணக்கின் பேரில் வெட்டப்படுகின்றது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

அவ்வானொலி தோன்றிய காலத்தை எம்மவரில் பலர் மறந்திருக்க மாட்டார்கள். 1991இல் ஹொயர்ஸ்வேர்டாவிலும் 1992 ஓகஸ்டில் றொஸ்ரொக்கிலும் வெளிநாட்டவர் விடுதிகள் தாக்கப்பட்டன. 1992 நவம்பரில் மோல்னிலும் 1993 மேயில் சோலிங்கனிலும் துருக்கியக் குடும்பங்களின் வீடுகள் தீயிடப்பட்டு உயிர்கள் பலியாயின. அதே 1993இல் தஞ்சக் கோரிக்கைக்கான அரசியலமைப்பு உரிமையும் இறுக்கப்பட்டது. ஒருபுறம் கதவை அடைத்த அரசியல், மறுபுறம் ஏற்கெனவே உள்ளே இருப்போரிடம் பேச ஒரு வானொலி தேவை என்பதையும் உணரத் தலைப்பட்டது.

அந்நிலையத்தின் சிறப்பு அதன் இசை ஒழுங்கிலேயே இருந்தது. துருக்கியம், போலிஷ், ரஷ்யம், வியட்நாமியம், குர்திஷ் உட்பட ஏறத்தாழ இருபது மொழிகளில் மாலை வேளைகளில் நிகழ்ச்சிகள் ஒலித்தன. ஆயின் பகற்பொழுது முழுவதும் ஜேர்மன் மொழியே பேசப்பட்டது. பாடல்கள் மட்டும் உலகெங்கிலுமிருந்து வந்தன. அல்ஜீரியாவின் ராய் இசையை அடுத்து போல்கன் ஊதுகுழல்கள், அதன்பின் ஒரு கொங்கோ கித்தார். ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு மணித்தியாலத்தைப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு அதனைப் பன்முகத்தன்மை என்று அழைப்பது எளிது. தன் பாட்டுக்காகக் காத்திருப்பவன் அயலவனின் பாட்டையும் கேட்க நேரும்படி செய்வதே கடினமானது. அறிவிப்பாளர்கள் தத்தம் தாய்மொழியின் சாயலோடு ஜேர்மன் பேசினர். அதனை எவரும் திருத்த முயலவில்லை. உச்சரிப்பின் பொருட்டு அலுவலகக் கருமபீடங்களில் ஏளனப்பட்ட எம்மவருக்கு இதன் பெறுமதியை விளக்கத் தேவையில்லை.

இந்த இசை தற்செயலான தெரிவும் அன்று. அங்கு பணியாற்றிய யொஹானஸ் தொயரர், 1991இல் தொடங்கிய ஐரோப்பிய உலக இசைத் தரவரிசையை ஒருங்கிணைத்தவர். பல நாட்டு வானொலிகளின் இசைத் தொகுப்பாளர்கள் மாதந்தோறும் வாக்களித்து அத்தரவரிசையைத் தயாரித்தனர்.

2008 மே மாதத்தில், பேர்லின்-பிரண்டன்பேர்க் ஒலிபரப்பு நிறுவனம் நிதிப் பற்றாக்குறையைக் காரணங்காட்டி மூடுவிழாவை அறிவித்தது. அன்றைய ஒலிபரப்புக் கட்டணம் மாதம் 17.03 யூரோ. வேலையின்மைக் கொடுப்பனவிலும் தஞ்சம் கோருவோருக்கான உதவியிலும் வாழ்ந்தோர் அக்கட்டணத்திலிருந்து விலக்குப் பெற்றிருந்தனர். அத்தகையோர் மிகுந்த பேர்லினில் வருமானம் குன்றியது. இது மெய்யான நெருக்கடியே, மறுப்பதற்கில்லை. எனினும் வெட்டு எங்கு விழுவது என்பதை நிதி மட்டும் தீர்மானிப்பதில்லை.

நேயர் தொகை சிறிது என்பது மற்றொரு வாதம். ஆனால் ஜேர்மனியின் வானொலி நேயர் கணக்கெடுப்பு நெடுங்காலம் ஜேர்மன் பிரஜைகளை மட்டுமே விசாரித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏனைய நாட்டவர் பின்னரே சேர்க்கப்பட்டனர்; அப்போதும் கேள்விகள் ஜேர்மன் மொழியிலேயே கேட்கப்பட்டன. துருக்கியக் கடவுச்சீட்டோடு முப்பது ஆண்டுகள் பேர்லினில் உழைத்தவர் நாள் முழுவதும் அவ்வானொலியைக் கேட்டிருந்தாலும் அந்த ஏட்டில் அவர் ஒரு நேயர் அல்லர். எவருக்காக நிலையம் அமைக்கப்பட்டதோ, அவர்களை எண்ணாமல் விட்ட கணக்கைக் கொண்டே அதன் பயன் அளக்கப்பட்டது.

பிரித்தானியாவில் 2010இல் பிபிசியின் ஆறாவது இசைச் சேவையையும் ஆசிய வலையமைப்பையும் மூட முன்மொழியப்பட்டபோது எதிர்ப்பு எழுந்து இரண்டும் தப்பின. பின்னையது குறைந்த நிதியோடு. பேர்லினிலும் எதிர்ப்பு எழுந்தது. பயனில்லை.

எமக்கென எமது வானொலிகள் உள்ளனவே என்று சிலர் கூறுவர். அவை அவசியம், இரவுவேலை முடித்து வருபவருக்கு ஊர்ப்பாட்டு வேண்டும். பேர்லினின் துருக்கியர்களுக்கும் 1999 முதல் தனியார் துருக்கிய வானொலி ஒன்று கிடைத்திருந்தது. ஆனால் எமது வானொலியை எமது அயலவர் கேட்பதில்லை. எமது நாதஸ்வரம் ஒரு ஜேர்மானியரின் சமையலறைக்குள் செல்வதாயின் அது பொது வானொலியின் வழியாகவே செல்லவேண்டும். அதற்கு அவரோடு நாமும் கட்டணம் செலுத்துகின்றோம்.

2009 தொடக்கம் அதே அலைவரிசையில், மேற்கு ஜேர்மன் ஒலிபரப்பு நிறுவனம் பெரும்பாலும் கொலோனில் தயாரித்த ‘ஐரோப்பிய ஒலிபரப்பு இல்லம்’ என்ற சேவை ஒலித்தது. 2017இல் அதன் பெயர் ‘கொஸ்மோ’ ஆயிற்று. பேர்லினில் பணியிழந்தோர் சிலரும் நேயர்களும் சேர்ந்து, நிலையம் மூடப்பட்ட கையோடு இணைய வானொலி ஒன்றைத் தொடங்கினர். அதனை நடத்தக் கட்டணப் பணத்தில் ஒரு சதமேனும் கிடைக்கவில்லை. பெரும்பாலானோர் ஊதியமின்றியே உழைத்தனர்.